அமுங்கிப் போன கேக்கும் கடைசி பஸ்ஸும்

கேட்டவர் காவேரிப்பட்டணத்துக்காரர். வயது 27, ஓசூரில் ஷிஃப்ட் வேலை, ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார். ஆசைப்பட்டு ஒரு ஓடிஜி (கேக், ரொட்டி சுடுகிற சின்ன மின்சார அடுப்பு) வாங்கி, நண்பனின் பிறந்தநாளுக்கு முதல் கேக் போட்டிருக்கிறார். மேலே கருகி, நடுவில் குழி விழுந்து, அடியில் களியாக வந்தது. பதினைந்து பேர் சுற்றி நின்று சிரித்தார்கள். அன்றோடு அடுப்பு அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. ஊர் சுற்றுவதிலும் இதே கதைதான். லீவு கிடைத்தால் சட்டென்று கிளம்ப ஆசை, ஆனால் ஃபோனில் ரிவ்யூ பார்த்துப் பார்த்தே லீவு தீர்ந்துவிடுகிறதாம். “எனக்குத் தைரியம் பத்தவில்லையா? புதிதாக ஒன்றை எப்படித்தான் ஆரம்பிப்பது? ரூம்மேட் 3,000 ரூபாய்க்கு ஓடிஜியைக் கேட்கிறான், கொடுத்துவிடட்டுமா?” என்று கேட்டிருந்தார்.

தம்பி, நான் தர்மபுரியில் இருபத்திரண்டு வருடம் பேக்கரி நடத்தியவன். இப்போது கடையை அண்ணன் மகன் பார்த்துக்கொள்கிறான், நான் தோளில் ஒரு பையோடு பஸ் ஏறிக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் இரண்டு ஆசைக்கும் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் யோக்கியதை உண்டு. உங்களிடம் தைரியத்துக்குக் குறைச்சல் இல்லை. கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. வாழ்க்கையின் முதல் கேக்கைப் பதினைந்து பேருக்கு நடுவில் வெட்டத் துணிந்தவர் நீங்கள். இத்தனை வருடம் அடுப்படியில் நின்ற நானே புது அயிட்டம் என்றால் முதல் டிரேயைக் கடைக்கு வெளியே காட்ட மாட்டேன்.

முதலில் கேக்குக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு வரி: “ஹெல்தியாக இருக்கட்டும் என்று மைதாவுக்குப் பதில் கோதுமை, சர்க்கரைக்குப் பதில் வெல்லம், முட்டைக்குப் பதில் வாழைப்பழம் போட்டேன்.” அங்கேதான் வண்டி குடை சாய்ந்திருக்கிறது. மூன்றும் நல்ல பொருள்தான். ஆனால் கோதுமைக்குத் தண்ணீர் இழுக்கும் குணம் வேறு, கேக்கும் கொஞ்சம் கனமாகத்தான் எழும்பும். வெல்லம் சீக்கிரம் சிவக்கும், அதனால் மேல்பக்கம் கருகும். வாழைப்பழம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நடுவும் அடியும் வேக நேரமாகும். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது கவிழ்த்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? கேக் கெட்டதுகூடப் பரவாயில்லை. ஏன் கெட்டது என்று தெரியாமல் போனதுதான் நஷ்டம். காரணம் தெரிந்திருந்தால் அடுத்த வாரமே மறுபடி போட்டிருப்பீர்கள், அடுப்பு பெட்டிக்குள் போயிருக்காது.

அளவுக்கு டம்ளர் பயன்படுத்தியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே டம்ளரில் சலித்த மைதாவைத் தளரப் போட்டால் 120 கிராம் நிற்கும், அமுக்கிப் போட்டால் 150ஐத் தொடும். சாம்பாருக்கு இந்த வித்தியாசம் தூசு, கேக்குக்கு அது தலையெழுத்து. ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். கூடவே அடுப்புக்குள் வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று. சின்ன ஓடிஜிகளில் திருகியில் 180 என்று வைத்தால் உள்ளே 160 இருக்கும், சிலதில் 200 இருக்கும். திருகியை நம்பிக் கேக் போடுவது, நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து ரயிலுக்குக் கிளம்புகிற மாதிரி.

இந்த இரண்டும் வந்ததும் ஒரே ஒரு கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை இல்லாத தயிர்க் கேக் போதும். மைதா 190 கிராம், அதிகம் புளிக்காத தயிர் 240 கிராம், சர்க்கரை 150 கிராம், வாசனை இல்லாத எண்ணெய் 120 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், வெனிலா ஒரு டீஸ்பூன். அடுப்பை 175 டிகிரியில் 15 நிமிடம் முன்னதாகவே சூடாக்கிவிடுங்கள். தயிரும் சர்க்கரையும் கரைந்த பிறகு பவுடரையும் சோடாவையும் தூவி ஐந்து நிமிடம் சும்மா விட்டால் தயிர் நுரைத்து உப்பும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து காற்றை உண்டாக்குகிற நேரம் அது, கேக்கை எழுப்புவது அந்தக் காற்றுதான். அப்புறம் எண்ணெய், வெனிலா. கடைசியில் மைதாவை இரண்டு தடவையாகச் சலித்துச் சேருங்கள். மாவு தெரியாமல் கலந்ததும் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் நான்கு சுற்று சுற்றினால் நல்லது என்று கை துறுதுறுக்கும். மைதா பரோட்டாவுக்கு இழுபடுகிறதே, அந்த இழுவை கேக்குக்கு ஆகாது. 7 அங்குல டின்னில் பட்டர் பேப்பர் போட்டு ஊற்றி, நடுத்தட்டில் வைத்து, 35 முதல் 45 நிமிடம். முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்கவே கூடாது. வெந்து கெட்டியாவதற்குள் குளிர்காற்று பட்டால் நடுவில் உட்கார்ந்துவிடும். உங்கள் குழிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், ‘அடிக்கடி திறந்து பார்த்தேன்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அரை மணிக்கு மேல் ஒரு ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்துப் பாருங்கள், ஈரமாவு ஒட்டக் கூடாது. மேலே சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிடலாம்.

இதே கேக்கை நான்கு வாரம் போடுங்கள். பொருள்களையும் அளவுகளையும் மாற்றாமல். சலிப்பாகத்தான் இருக்கும். முதல் தடவை தேதி, எடை, எந்தத் தட்டு, எத்தனை நிமிடம், எப்படி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டாவது தடவை ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றலாம், ஐந்து நிமிடம் கூடுதலாக வைப்பது போல. நான்காவது கேக்கில் உங்கள் கைக்கே தெரியும், மாவு கரண்டியிலிருந்து விழுகிற வேகத்தை வைத்தே சொல்வீர்கள். அதற்குப் பிறகு வெல்லம் வரட்டும். கேழ்வரகும் வரட்டும், நம் பக்கத்துக்காரன் கேழ்வரகு இல்லாமல் கேக் போட்டால் என்ன மரியாதை! ஆனால் அதில் மைதாவின் இழுவை துளியும் கிடையாது, முழுக்கக் கேழ்வரகில் போட்டால் கையில் எடுக்கும்போதே உதிரும். கால் பங்கில் ஆரம்பியுங்கள்.

ஓசூர் உயரமான இடம், அதனால்தான் கேக் வரவில்லையோ என்றும் கேட்டிருந்தீர்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பது உண்மை. ஆனால் அளவுகளை மாற்றுகிற வேலையெல்லாம் பெரும்பாலும் அதற்கு மேலேதான். பாவம், மலை மேல் பழி போடாதீர்கள்.

ரொட்டிக்குப் போகும்போது மட்டும் ஓசூரின் குளிர் கணக்கில் வரும். அதற்கு உங்கள் அம்மாவைத்தான் கேட்க வேண்டும். சித்திரை மாதம் காவேரிப்பட்டணத்தில் சாயங்காலம் கரைத்த இட்லிமாவு ராத்திரியே பாத்திரத்தைத் தாண்டி வழியும். மார்கழியில் ஓசூரில் விடிந்த பிறகும் அப்படியே கிடக்கும். ஈஸ்ட் போட்ட ரொட்டி மாவும் அதே ஜாதிதான். ‘ஒரு மணி நேரம் மூடி வையுங்கள்’ என்று எந்த வீடியோ சொன்னாலும் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். இரட்டிப்பாகி, விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாகத் திரும்பி வந்தால் சரி. 500 கிராம் மைதாவுக்கு 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 10 கிராம் உப்பு, சுமார் 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டுக்கு மேல் போகக் கூடாது, 60 டிகிரிக்குப் போனால் ஈஸ்ட் செத்துவிடும்.

உப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. கடை வைப்பதற்கு முன் நான் வேறொரு பேக்கரியில் எடுபிடியாக இருந்தேன். முதன்முதலாக மாஸ்டர் என்னை நம்பி ரொட்டி மாவு போடச் சொன்ன ராத்திரி, உப்பை மறந்துவிட்டேன். ஈஸ்ட்டைக் கட்டிப்போட்டு வைப்பது உப்புதான். அது இல்லாததால் மாவு கட்டுக்கடங்காமல் பொங்கி டின்னுக்கு வெளியே தொங்கியது. நான் என்னவோ சாதித்துவிட்டதாகப் பூரித்துப் போய் நின்றேன். விடியற்காலை மாஸ்டர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார், என்னைப் பார்த்தார், “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்றார். அவ்வளவுதான், திட்டவில்லை. எல்லாவற்றையும் நறுக்கச் சொல்லி, சர்க்கரை தூவி, ரஸ்க்காகச் சுட்டு விற்றுவிட்டார். அன்றிலிருந்து மாவில் கை வைப்பதற்கு முன் உப்பை அளந்து கண்ணெதிரே வைத்துவிடுவேன். வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான்.

சரி, இனி ஊர் சுற்றல்.

“சட்டென்று கிளம்புகிறவர்கள்” என்று நீங்கள் பொறாமைப்படுகிறீர்களே, அவர்கள் வீட்டுக் கதவின் பின்னால் போய்ப் பாருங்கள். ஒரு பை தொங்கும். என் பையில் ஒரு வேட்டி, துண்டு, சோப்பு, சார்ஜர், தண்ணீர் பாட்டில், ஆதார் நகல், சில்லறையாக ஒரு 500 ரூபாய் எப்போதும் கிடக்கும். திரும்பி வந்ததும் துவைத்து மறுபடி அடுக்கிவிடுவேன். கிளம்புவது மட்டும்தான் சட்டென்று, ஆயத்தம் போன வாரமே முடிந்துவிட்டது. ராத்திரி அரிசி ஊறப் போட்டவனுக்குத்தான் காலையில் இட்லி. உங்களுக்கு இந்தப் பை இல்லாததால் ஒவ்வொரு லீவிலும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறீர்கள், ஃபோன் உங்களைத் தின்றுவிடுகிறது.

இரண்டாவது விஷயம், கேக்குக்கு தராசு மாதிரி பயணத்துக்கும் ஒன்றைக் கறாராக வைத்துக்கொள்ள வேண்டும். அது திரும்பி வருகிற வண்டி. போகிற வழி, சாப்பாடு, பார்க்கிற இடம் எல்லாம் எப்படி வேண்டுமானாலும் போகட்டும். இறங்கும்போதே கண்டக்டரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் கேளுங்கள். இரண்டு பேர் இரண்டு நேரம் சொல்வார்கள், முந்திய நேரத்தை நம்புங்கள். நான் ஒருமுறை தேன்கனிக்கோட்டையில் பிந்திய நேரத்தை நம்பி, ராத்திரி முழுக்க பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் குளிரில் சுருண்டு கிடந்தேன். அந்த டீக்கடைக்காரர் தெலுங்கில் ஏதோ சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு சாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் சரளமாகப் புழங்கும். நாம் தமிழில் கேட்டால் பதில் மூன்று பாஷையில் வரும்.

முதல் பயணத்துக்கு லடாக், மணாலி எல்லாம் வேண்டாம். அது முதல் கேக்கையே மூன்றடுக்காகப் போடுகிற வேலை. அரை நாளில் முடிகிறதை எடுங்கள். ஓசூருக்குப் பக்கத்திலேயே தொரப்பள்ளி இருக்கிறது, 1878இல் ராஜாஜி பிறந்த வீடு நினைவில்லமாக நிற்கிறது. அல்லது தளி, குளிரைப் பார்த்து வெள்ளைக்காரன் ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று பேர் வைத்த ஊர். போனால் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லையே என்பீர்கள். அதற்காகத்தான் சொல்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லாத ஊரில் ஏமாறவும் எதுவும் இல்லை. இறங்கி, நடந்து, டீ குடித்து, திரும்பி வந்து பழகுங்கள்.

அடுத்தது ரயில். ஓசூரில் முன்பதிவில்லாத டிக்கெட் எடுத்து ஏறினால் ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தர்மபுரி. ஜன்னலோரம் கிடைத்தால் பாறைக் குன்றுகளும் ராயக்கோட்டை மலைக்கோட்டையும் கூடவே வரும். காவேரிப்பட்டணத்துக்காரருக்கு இது புதிதாக இருக்கும், கிருஷ்ணகிரி ஊருக்குத்தான் ரயில் நிலையமே கிடையாதே. பாலக்கோட்டில் இறங்கினால் தக்காளி மண்டியைச் சுற்றி வரலாம், காலையில் போக வேண்டும். தர்மபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி கிட்டத்தில்தான். சுப்பிரமணிய சிவா தொழுநோயோடு கடைசிக் காலத்தைக் கழித்து 1925இல் இறந்த ஊர், அங்கே அவர் நினைவிடம் இருக்கிறது.

ஒகேனக்கல்லைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மூர்ப் பையன்கள் திட்டம் போடாமல் கிளம்பி ஏமாறுகிற முதல் இடம் அதுதான். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். ஆனி, ஆடி மாதங்களில் நம் பக்கம் வானம் வெளுத்துக் கிடக்கும், வெயில் அடிக்கும். ஆனால் அங்கே காவிரி கரை புரண்டு ஓடும். மழை பெய்வது குடகிலும் வயநாட்டிலும், திறப்பது கபினியும் கிருஷ்ணராஜசாகரும், வந்து இறங்குவது நம் தலையில். அதனால் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக் கிளம்பாதீர்கள். செய்தியில் ‘பிலிகுண்டுலு’ என்று வருகிறதா பாருங்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற இடம், மத்திய நீர்வள ஆணையம் அங்கேதான் அளக்கிறது. வினாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி என்று எண் ஏறிக்கொண்டே போனால், குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். கதவு மூடிய கடைக்குப் போன மாதிரி ஆகும். ஆடி 18 அன்று போவதும் வேண்டாம், மனிதத் தலைகள்தான் தெரியும்.

தண்ணீர் அடங்கிய ஒரு புதன் அல்லது வியாழனில் போங்கள், உங்களுக்கு ஷிஃப்ட் லீவு வார நடுவில் வருவது ஒரு வரம். எண்ணெய் மசாஜ் செய்கிறவரிடம் உட்காருவதற்கு முன்பே எவ்வளவு என்று பேசிவிடுங்கள், எண்ணெய் தடவிய பிறகு பேரம் வழுக்கும். மீனைக் கடையில் நீங்களே பார்த்து வாங்கிக் கொடுத்தால் அங்கேயே குழம்பு வைத்து, வறுத்து, சோறு வடித்துக் கொடுக்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். என்ன மசாலா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். வறுவல் கல்லில் மீனைப் போட்டதும் புரட்ட மாட்டார்கள். ஓரம் தானாகக் கல்லை விடுகிற வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அரை மணி நேரத்தில் ஆறு தடவை அடுப்புக் கதவைத் திறந்தவர் அதை ஒருமுறை பார்ப்பது நல்லது. பரிசலில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஃபோட்டோ எடுக்காதீர்கள். நீச்சல் தெரியாவிட்டால் கற்றுக்கொள்கிற இடம் அது அல்லவே அல்ல. பென்னாகரத்துக்கு அப்பால் காட்டுவழி, யானை கடக்கும் பாதை, பொழுது சாய்வதற்குள் மேலே ஏறிவிடுங்கள்.

பைக்கில் போகலாமே என்று நண்பர்கள் இழுப்பார்கள். போங்கள், ஆனால் முதல் நான்கைந்து பயணத்துக்கு வேண்டாம். கூட்டமாகப் போனால் முடிவெல்லாம் சத்தமாகப் பேசுகிறவன் எடுப்பான், நீங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து வருவீர்கள். நீங்கள் கற்றுக்கொள்ள நினைப்பது முடிவெடுக்கத்தானே? இன்னொன்று, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே ராத்திரியில் இருசக்கர வண்டி ஓட்டுவதைச் சாகசம் என்று யாராவது சொன்னால் அவனோடு எங்கேயும் போகாதீர்கள். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வந்த லாரிகளைப் பற்றித் தர்மபுரிக்காரன் எவனைக் கேட்டாலும் கதை சொல்வான்.

ஸ்டேட்டஸ் விஷயம். முதல் நான்கு கேக்கையும் முதல் நான்கு பயணத்தையும் யாருக்கும் காட்டாதீர்கள் என்பது என் கட்சி. கேக் பாதி வெந்திருந்தால் வெந்த பாதியைத் தின்றுவிட்டு மீதியை மறந்துவிடலாம், தளியில் ஒன்றுமே இல்லை என்றால் சிரித்துக்கொண்டே திரும்பிவிடலாம். பார்க்க ஆள் இருந்தால் அது ‘தோல்வி’ ஆகிவிடும். அம்மாவுக்கு மட்டும் விலக்கு. அவர் எப்படியும் முதல் வாயிலேயே “சோடா தூக்கலா இருக்கு” என்று சொல்லிவிடுவார், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

கடைசியாக ஓடிஜி. ரூம்மேட்டை இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். தராசு வைத்து, தெர்மாமீட்டர் வைத்து, அதே தயிர்க் கேக்கை நான்கு தடவை போடுங்கள். நாலாவது நன்றாக வந்தும் உங்களுக்கு அதில் ருசி தட்டவில்லை என்றால், தாராளமாக 3,000 ரூபாயை வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். ருசி தட்டினால், வைகாசியில் நம்மூர் அல்போன்சாக் கூழை எடுத்துத் தயிரில் பாதிக்குப் பதிலாகச் சேர்த்து, சர்க்கரையில் 30 கிராம் குறைத்துப் போட்டுப் பாருங்கள். விற்பதாக முடிவு செய்தால் தெர்மாமீட்டரை மட்டும் விலையில் சேர்க்காதீர்கள். என்னுடையது போன மாதம் கீழே விழுந்து உடைந்துவிட்டது.